அடுப்பு அணைந்தாலும் மின்சாரம் போகாது!

விடியற்காலை 5 மணி. தாராவியில் ஒரு மாடி அறை. நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து அடி. அதற்குள் ஆறு பேர் வாசம். எல்லோரும் நெல்லைச் சீமையில் இருந்து பிழைக்க வந்தவர்கள். இரண்டு பேர் தோல் பை தைக்கிறார்கள். ஒருவர் கூரியர் கம்பெனியில் இருக்கிறார். ஒருவர் கிளியரிங் கம்பெனி குமாஸ்தா. மற்ற இரண்டு பேருக்கு இட்லிக் கடையில் வேலை.

சமையல் முறை வைத்துத்தான். அன்றைய முறை 22 வயது வாலிபர் ஒருவருடையது. கம்பிச் சுருள் போட்ட கரண்ட் அடுப்பில் அவர் சோறு வைத்தார். தூக்கக் கலக்கத்தில் கஞ்சி பொங்கி, அடுப்பு முழுவதும் வழிந்துவிட்டது.

வாலிபர் பதறவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். சிவந்திருந்த கம்பி கறுத்தது. பத்து நிமிடம் ஆற விட்டார். பிறகு ஈரத் துணியை எடுத்து, மோரிக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து, அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த நொடி, "அம்மா" என்று ஓர் அலறல். படுத்திருந்தவர்கள் எழுந்து பார்த்தபோது அவர் மோரிச் சுவரில் மோதி விழுந்து கிடந்தார். நல்ல வேளையாக, மின்சாரம் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் உதறித் தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் இதயப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பயமில்லை என்று டாக்டர் சொன்னார். வலது கை மட்டும் இரண்டு நாள் மரத்துப் போய் இருந்தது.

அன்று மாலையே எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தார்கள். அவரும் நெல்லைப் பக்கத்துக்காரர்தான். மும்பையில் 30 வருடமாக வயரிங் வேலை பார்ப்பவர்.

"சுவிட்சை அமத்திட்டுத்தான அண்ணாச்சி தொடச்சேன்" என்றார் வாலிபர்.

"சுவிட்ச அமத்துனா அடுப்பு அணையும்ல. கரண்டு போயிட்டுன்னு ஒனக்கு யாருல சொன்னா?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

சுவிட்சை அணைத்த நிலையிலேயே வைத்து, அடுப்பின் கம்பியை டெஸ்டரால் தொட்டுக் காட்டினார். டெஸ்டரின் சிறு விளக்கு பளிச்சென்று எரிந்தது. சுற்றி நின்ற ஆறு பேரும் வாயடைத்துப் போனார்கள்.

குழாயும் தண்ணீரும்

இது எப்படி? சுவிட்சை அணைத்த பிறகும் கம்பியில் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

அடுப்புக்கு இரண்டு வயர்கள் போகின்றன. ஒன்று மின்சாரம் வரும் 'பேஸ்' வயர். இன்னொன்று அது திரும்பிப் போகும் 'நியூட்ரல்' வயர். இரண்டில் எதைத் துண்டித்தாலும் அடுப்பு அணைந்துவிடும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

மாடித் தொட்டியில் இருந்து வரும் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். தொட்டியின் அடியிலேயே அடைத்தால் குழாய் காலியாக இருக்கும். கீழே வாயில் மட்டும் அடைத்தால் தண்ணீர் கொட்டாது. ஆனால் குழாய் முழுவதும் தண்ணீர் நிற்கும். எங்கே ஓட்டை விழுந்தாலும் பீறிட்டு வரும்.

சுவிட்ச் எப்போதும் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். அதுதான் தொட்டியின் அடியில் அடைப்பது. அவசர வேலையாக யாரோ நியூட்ரலில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டால், அடுப்பு குளிர்ந்து கிடக்கும்; கம்பியில் 230 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். ஈரத் துணியோடு ஒரு கை வந்து தொட வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தாராவி அறையில் நடந்தது இதுதான்.

அடுப்பிலேயே சுவிட்ச் வைத்திருக்கும் மாடல்களிலும் இந்த ஆபத்து உண்டு. அதில் இரண்டு முள் பிளக் இருந்தால் இன்னும் மோசம். அந்தப் பிளக்கை இப்படியும் செருகலாம், திருப்பியும் செருகலாம். ஒரு விதமாகச் செருகினால் அடுப்புச் சுவிட்ச் பேஸைத் துண்டிக்கும். திருப்பிச் செருகினால் நியூட்ரலைத் துண்டிக்கும். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக இன்றும் ஆகாது என்று நம்புவதற்கில்லை.

ஆகவே சுவிட்சை அணைப்பது பாதி வேலைதான். பிளக்கைப் பிடுங்கிக் கையில் பார்த்த பிறகே அடுப்பைத் தொட வேண்டும். இது ஒன்றுதான் நிச்சயமான வழி.

மண்ணெண்ணெய் ஸ்டவ் காலத்துப் பழக்கம் இங்கே செல்லாது. ஸ்டவ்வில் தீ கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் மணக்கும், பம்பு ஸ்டவ் என்றால் இரைச்சலும் கேட்கும். அணைந்தால் அணைந்ததுதான். மின்சாரத்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, சத்தமும் இல்லை. வாடை வருகிறது என்றால் வயர் கருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

9 ஆம்பியரும் 6 ஆம்பியரும்

அந்த எலக்ட்ரீஷியன் மேலும் கூறியதாவது:-

"அடுப்பு வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள். எத்தனை வாட் என்று கேட்பதில்லை. 2 ஆயிரம் வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். விளக்கு, மின்விசிறி போர்டில் இருக்கும் சின்னப் பிளக் 6 ஆம்பியருக்குத்தான் செய்யப்பட்டது. பழைய போர்டு என்றால் 5 ஆம்பியர். அதில் இதைச் செருகினால் என்ன ஆகும்? எட்டு மூட்டை ஏற்றும் வண்டியில் பன்னிரண்டு மூட்டை ஏற்றுகிற கதைதான். அச்சு உடனே முறியாது. ஆனால் முறியும்."

அடுப்புக்கு வேண்டியது பெரிய முள் போட்ட 16 ஆம்பியர் பிளக். பழைய வீடுகளில் 15 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அந்தப் பிளக்குக்குள் போகும் வயர் குறைந்தது 2.5 சதுர மில்லி மீட்டர் செம்பு வயராக இருக்க வேண்டும். விளக்குக்குப் போடுகிற மெல்லிய வயரிலேயே பெரிய பிளக்கை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வெளியே பார்த்தால் பெரிய பிளக். சுவருக்குள் நூல் மாதிரி வயர்!

காலை 6 மணிக்கு இன்னொரு கூத்து. அடுப்பில் சோறு. வாளியில் வெந்நீர் போடும் கம்பி. ஒருவர் ஆபீசுக்குப் போகச் சட்டை தேய்க்கிறார். அடுப்பு 2 ஆயிரம் வாட், வெந்நீர்க் கம்பி 1,500 வாட், இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட். கூட்டினால் 4,500 வாட். ஏறக்குறைய 20 ஆம்பியர். எல்லாம் ஒரே போர்டில், ஒரே வயரில்! ஒருவர் முடித்த பிறகு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருக்க வேண்டும். வேறு நஷ்டம் இல்லை.

பிளாட்பாரத்தில் விற்கும் 'கன்வெர்ட்டர்' பிளக் பெரிய முள்ளைச் சின்னத் துளையில் செருக வழி செய்கிறது. துளை பொருந்தியதும் எல்லாம் பொருந்திவிட்டதாக நினைக்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் போர்டும் அப்படியே. அதன் வயரைச் சுருட்டி வைத்தபடியே அடுப்பை எரித்தால், சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் விட அஞ்ச வேண்டிய வழக்கம் ஒன்று இருக்கிறது. பிளக்கே இல்லாமல் இரண்டு வயர் முனைகளையும் சீவி, துளைக்குள் விட்டு, தீக்குச்சியை முட்டுக் கொடுத்து நிறுத்துவது! தீக்குச்சி நெருப்புப் பற்ற வைக்கும் பொருள் என்பது செருகுகிறவருக்கு ஞாபகம் வருவதில்லை.

அடிக்கடி பியூஸ் போகிறது என்று தடிமனான செம்புக் கம்பியைப் போட்டுக் கட்டுகிறவர்களும் உண்டு. பியூஸ் போவது ஒரு குறை அல்ல. போக வேண்டும் என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அது போகாவிட்டால் அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் போகும். எம்.சி.பி. அடிக்கடி கீழே விழுந்தால் அதைத் தூக்கி விட்டுக்கொண்டே இருப்பதும் இதே தவறுதான்.

ஊருக்குப் போகும்போதும் சிலர் இந்தப் பழக்கத்தை விடுவதில்லை. ரெயில் பெட்டியில் செல்போனுக்காக வைத்த பிளக்கில் கெட்டிலைச் செருகிவிடுகிறார்கள். 2025 நவம்பரில் ஒரு பெண் பயணி ரெயிலில் கெட்டில் வைத்து நூடுல்ஸ் சமைத்த வீடியோ பரவியபோது, இது தண்டனைக்குரிய குற்றம் என்று மத்திய ரெயில்வே எச்சரித்தது. ஓடுகிற ரெயிலில் தீப்பிடித்தால் இறங்கி ஓட இடம் ஏது?

அறுந்த கம்பியின் கதை

கரண்ட் அடுப்பில் சுருண்டு கிடப்பது நைக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிவக்கச் சூடானாலும் சீக்கிரம் துருப்பிடித்து உதிராது என்பது இதன் சிறப்பு.

ஆனாலும் ஒரு நாள் அறுந்து போகும். அப்போது நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டு முனையையும் இழுத்து முறுக்கி விடுகிறார்கள். அடுப்பு முன்னைவிட நன்றாக எரிகிறது. "பார்த்தாயா, புதுசு மாதிரி ஆகிவிட்டது" என்று பெருமைப்படுகிறார்கள்.

நன்றாக எரிவதுதான் ஆபத்து. கம்பி குட்டையானால் தடை குறையும். மின்சாரம் கூடுதலாகப் பாயும். கால்வாசிக் கம்பி போய்விட்டால், 2 ஆயிரம் வாட் அடுப்பு 2,600 வாட்டுக்கு மேல் இழுக்கும். பிளக்குக்கு அந்தச் சங்கதி தெரியாது. முறுக்கிய இடம் வேறு தனியாகச் சூடேறி மறுபடி அங்கேயே அறும். அறுந்தால் அதே அளவு வாட்டில் புதுக் கம்பி போடுவதுதான் முறை.

வயதான கம்பி தொய்ந்து, பீங்கான் தட்டின் பள்ளத்தை விட்டு மேலே எழும்பி நிற்கும். அதன் மேல் அலுமினியக் குண்டானை வைத்தால் குண்டான் முழுவதும் மின்சாரம் ஏறும். அதில் உலோகக் கரண்டியைப் போட்டுக் கிண்டினால் கரண்டியிலும் ஏறும். எரிகிற அடுப்பில் இருந்து குண்டானை இறக்கும்போது 'சுருக்' என்று கையைக் கடித்தால், "லேசாத்தான் அடிக்குது" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். லேசாக அடிப்பது ரப்பர் செருப்புப் போட்டிருக்கும் நாளில். தரை ஈரமாகவும் கால் வெறுமையாகவும் இருக்கும் நாளில் அது லேசாக அடிக்காது.

சுருள் அடுப்பு வைத்திருப்பவர்கள் கிண்டுவதற்கு மரப்பிடி அகப்பையை வைத்துக்கொள்ளட்டும். புதிதாக வாங்குபவர்கள் கம்பி வெளியே தெரியாத, மூடிய தட்டு அடுப்பாக வாங்குவது நல்லது. எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பிளக், வயர் வாங்க லோகார் சால் வரை போனால் ஒரு விடுமுறை நாளின் அரைப்பொழுது போகும். அது கூடுதல் செலவு அல்ல.

மூன்றாவது முள்

மூன்று முள் பிளக்கில் மேல் முள் மட்டும் தடித்து நீண்டிருக்கும். அது எர்த் முள். நீளமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. செருகும்போது அது முதலில் தொட வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். அடுப்பின் இரும்புச் சட்டத்தில் மின்சாரம் கசிந்தால், அந்த வழியாகப் பூமிக்குப் போய் பியூசை எரித்துவிடும். சட்டத்தைத் தொட்ட மனிதர் தப்பிப்பார்.

தாராவி அறையில் அந்தச் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தபோது, எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை! துளை மட்டும் அழகாக இருந்தது. பழைய கட்டிடங்களிலும், பின்னால் தட்டிக் கட்டிய மாடி அறைகளிலும் இது சகஜம். அறையில் இருப்பவர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எர்த் இல்லையென்றால் தண்ணீர்க் குழாயில் வயரைச் சுற்றிவிடுவது சிலருடைய வைத்தியம். இப்போது பாதிக் குழாய் பிளாஸ்டிக். அதில் மின்சாரம் பூமிக்குப் போகாது. இரும்புக் குழாயாக இருந்தால், பக்கத்து அறையில் குளித்துக்கொண்டிருப்பவர் தலையில் அது விடியும்.

மழைக்காலத்தில் எல்லாமே இரட்டிப்பு ஆபத்து. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவர் ஊறிக் கிடக்கும். அடுப்பு மோரிக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டிய சின்ன அறையில், காலுக்கு அடியில் உலர்ந்த பலகை ஒன்றைப் போட்டுக்கொண்டு சமைக்கலாம். கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மீட்டர் பக்கத்தில் அதை வைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

இண்டக்ஷன் அடுப்பு

இப்போது குமாஸ்தாக்கள், ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவர்கள் தங்கும் அறைகளில் இண்டக்ஷன் அடுப்பு வந்துவிட்டது. கம்பி இல்லை, சிவப்பு இல்லை. கண்ணாடித் தட்டுக்கு அடியில் இருக்கும் செம்புச் சுருள் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அது பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. சுருள் அடுப்பைப் போலப் பாத்திரத்தில் மின்சாரம் ஏறும் பயம் இதில் இல்லை.

வேறு பயம் இருக்கிறது. கண்ணாடி கறுப்பாக, சாதுவாக இருக்கும். கொதிக்கும் குண்டானை இறக்கிய இடத்தில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். அறையில் குழந்தை இருந்தால் கவனம் தேவை. சாவி, கரண்டி, மூடி ஆகியவற்றைக் கண்ணாடி மேல் வைக்கும் பழக்கம் வேண்டாம்.

இதற்கு அடி தட்டையான, காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் ஆகும். ஊரில் இருந்து கொண்டு வந்த அலுமினியச் சட்டியும் செம்புப் பானையும் இதில் சூடாகாது. கடைக்குப் போகும்போது சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் ஏமாற வேண்டியதில்லை.

அடுப்பின் அடியிலோ பின்னாலோ காற்றாடி ஓடும். படுக்கை மேலும் பேப்பர் மேலும் வைத்துச் சமைத்தால் காற்று வழி அடைபடும். இங்கே பிளக்கைப் பிடுங்குவதில் ஒரு சிறு மாற்றம்: முதலில் அடுப்பின் பொத்தானை அணைத்துவிட்டு, காற்றாடி ஓடி நின்ற பிறகு பிடுங்க வேண்டும். கண்ணாடியில் கீறல் விழுந்து விரிசல் விட்டால், பொங்கி வழிவது உள்ளே இறங்கும். அந்த அடுப்பை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். நெஞ்சில் 'பேஸ்மேக்கர்' வைத்திருப்பவர்கள் இரண்டடி தள்ளியே நிற்கட்டும். டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

இதுவும் 2 ஆயிரம் வாட் வரை இழுக்கும் அடுப்புதான். 16 ஆம்பியர் பிளக் இதற்கும் வேண்டும். ஒரு மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தால் 2 யூனிட்.

அடித்துவிட்டால்...

ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்கவே கூடாது. இழுக்கிறவரையும் சேர்த்துப் பிடிக்கும். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது எட்டாத இடத்தில் இருந்தால் உலர்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளிவிட வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது அறையில் உள்ள ஒவ்வொருவருக்கும், புதிதாக ஊரில் இருந்து வந்தவர் உள்பட, தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் சாவி யாரிடம் என்பதும் தெரிய வேண்டும்.

பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தால், மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் 108-க்கோ 112-க்கோ போன் செய்யட்டும். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது. இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் வெளியே தெரியாது.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, மாவு எதுவும் வேண்டாம்.

பிளக்கிலோ வயரிலோ தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தாலும் தண்ணீர் கூடாது. தட்டையோ மூடியையோ போட்டு மூடிவிட வேண்டும். தீயணைப்புப் படைக்கு எண் 101. தகரமும் பலகையும் பிளாஸ்டிக் படுதாவும் நெருங்கிக் கிடக்கும் சந்தில், ஓர் அறையில் பிடித்த தீ அந்த அறையோடு நிற்பதில்லை.

பேரம் முடிந்தது

தாராவி அறைச் சொந்தக்காரர் முதலில் சம்மதிக்கவில்லை. "ஆறு மாதத்தில் காலி செய்துவிட்டுப் போகிறவர்களுக்காக நான் எதற்குச் செலவு செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அவர் சொல்வதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஆனால் தீப்பிடித்தால் எரியப் போவது அவருடைய கட்டிடம். கீழே இருப்பது அவருடைய மைத்துனர் கடை. குமாஸ்தா இதை எடுத்துச் சொன்னார். கடைசியில் பாதிச் செலவு அவருக்கு, பாதிச் செலவு ஆறு பேருக்கு என்று முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. மீட்டரில் இருந்து தனி வயர் வந்தது. 16 ஆம்பியர் பிளக் வந்தது. எர்த் துளைக்குப் பின்னால் பச்சை வயர் வந்தது. சுவிட்ச் பேஸ் வயருக்கு மாறியது. பழைய சுருள் அடுப்பைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, மூடிய தட்டு அடுப்பு ஒன்றை வாங்கினார்கள்.

அடுப்புக்கு மேலே, கண் மட்டத்தில், சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். சமையல் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி அந்த ஆணியில் மாட்டிவிட வேண்டும். மாட்டாதவருக்கு மறுநாளும் சமையல் முறை. பிளக் ஆணியில் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த 22 வயது வாலிபர் இப்போது துணியைக் கையில் எடுக்கிறார்.